தனம் அக்காவுக்குக் கேட்ட வித்தியாசம்

போன மாதம் புக்கிட் தெங்காவில் ஒரு கல்யாண விருந்து. எங்கள் மேசையில், முன்பு என்னோடு ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்த ராஜேஸ் அக்கா இருந்தார், லெட்சுமி அக்கா இருந்தார், என் மனைவி இருந்தாள், நான் இருந்தேன். தனம் அக்கா வரவில்லை. அவருக்கென்று விட்டுவைத்த நாற்காலியில் பெண்கள் கைப்பைகளை அடுக்கியிருந்தார்கள். அவருக்கு உடம்பு சரியில்லை என்று ராஜேஸ் அக்கா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். முதல் நாள்தான் கெப்பாலா பத்தாஸ் சந்தையில் தனம் அக்கா மீன்காரனிடம் பேரம் பேசிக்கொண்டு நின்றதை என் மனைவி பார்த்திருக்கிறாள். நான் வருவேன் என்று தெரிந்ததால் அவர் வரவில்லை. இது மேசையில் எல்லோருக்கும் தெரியும்.

மேடைக்குப் பக்கத்தில் பாட்டுப் போட்ட பையனிடம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லப் போனேன். அவன் மேசையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்புப் பெட்டி மினுங்கிக்கொண்டிருந்தது. “இந்தக் கன்வெர்ட்டர் போட்டா சவுண்டே வேற, அங்கிள். கேட்டுப் பாருங்க, தெரியும்” என்றான். ஒரு காலத்தில் இந்தப் பேச்சுக்கு நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பேன். இப்போது தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினேன். திரும்பும்போது, சூடேறிய ஆம்ப்ளிஃபயரில் தூசி கருகும் வாசனை மூக்கில் ஏறியது.

அந்த மாதிரி வாசனை எதுவாக இருந்தாலும் என்னை பாயான் லெப்பாஸுக்குத்தான் கொண்டுபோய் விடும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே ஒரு தொழிற்சாலையில் சிடி பிளேயர் செய்துகொண்டிருந்தோம். சோல்டர் புகையும் புது அட்டைப்பெட்டியின் வாசனையும் கலந்து சட்டையில் ஏறிவிடும். அம்மா அதை முகர்ந்து பார்த்து, ‘ஆபீஸ் வாசனை’ என்பார். அப்பா வாழ்நாளெல்லாம் ஜார்ஜ் டவுன் சாக்கடைகளை வாரியவர். எங்கள் குடும்பத்தில் படிப்பு என்று ஒன்றை முடித்த முதல் ஆள் நான். கையில் ஒரு டிப்ளோமா, உடம்பில் ஒரு வெள்ளைக் கோட்டு. மற்ற டெக்னிஷியன்கள் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வருவார்கள். நான் மட்டும் ஜார்ஜ் டவுனிலேயே அதை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன், தெருவே பார்க்கட்டும் என்று. எண்களை அப்படி நம்பினேன். எங்கள் வீட்டாரை முகம் பார்த்து யாரும் உட்காரச் சொன்னதில்லை. மார்க்கைப் பார்த்துத்தான் இன்டர்வியூவில் எனக்கு நாற்காலி காட்டினார்கள்.

நாற்காலி என்றதும் அந்த அறை. தொழிற்சாலையின் கடைக்கோடியில், சுவரெல்லாம் கம்பளம் ஒட்டிய சின்ன அறை. நாலு நாற்காலி, நாலு ஹெட்போன். பிளேயர்களைப் பொருத்தும் லைனிலிருந்து எடுத்து வரும் பெட்டிகளை ஆளுக்கு இரண்டு நிமிடம் கேட்டு, சரி அல்லது சரியில்லை என்று சொல்வது நாலு பெண்களின் வேலை. தனம் அக்கா மூத்தவர், ராஜேஸ் அக்கா அவருக்கு அடுத்தவர். உள்ளே போகுமுன் தோட்டைக் கழற்றி ஒரு பிஸ்கட் டின்னில் போடுவார்கள், இல்லாவிட்டால் ஹெட்போன் அழுத்தும். தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தல் ஸ்பீக்கர்களுக்குப் பயந்து சாலையின் எதிர்ப்பக்கமாகவே நடப்பார்கள். பாக்டரி பஸ்ஸில் டிரைவர் கேசட்டை அலறவிட்டால் தனம் அக்கா எழுந்துபோய், “அண்ணே, இந்தக் காதுக்குத்தான் சம்பளம் குடுக்குறான். கொஞ்சம் கொறைங்க லா” என்பார்.

சரியில்லை என்பதற்கு அவர்களிடம் தனிச் சொற்கள் இருந்தன. மணல், தகரம், மூக்கடைப்பு. அவற்றை ஆங்கிலத்தில் ரிப்போர்ட்டாக எழுதுவது என் பொறுப்பு. மூக்கடைப்பை நான் உள்ளது உள்ளபடி மொழிபெயர்த்து அனுப்ப, பிளேயருக்குச் சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டு மேலிடத்திலிருந்து ஃபேக்ஸ் வந்தது. அக்காமார் ஒரு வாரம் என்னைக் கண்டாலே மூக்கை உறிஞ்சினார்கள்.

தனம் அக்கா அதற்கு முன், ரேடியோ செய்த காலத்திலிருந்து, பத்துப் பன்னிரண்டு வருஷம் லைனில் நின்றவர். முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கும். லைனில் நிற்க வேண்டும், இந்த அறையில் உட்காரலாம். அவருக்கு இந்த வேலை ஏன் முக்கியம் என்று இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

சிடியில் இருப்பது பாட்டு அல்ல, எண்கள். அந்த எண்களைத் திரும்ப ஒலியாக்குவது பூரான் மாதிரிக் கால்கள் வைத்த ஒரு சின்ன ஐசி சில்லு. அதுதான் கன்வெர்ட்டர். ஒரு வருஷம், பழைய ஐசிக்குப் பதிலாக விலை குறைந்த வேறொன்று வந்தது. இரண்டும் ஒன்றுதானா என்று பார்க்கச் சொன்னார்கள். மூன்று நாள் அளந்தேன். வரைபடத்தில் பழையதின் கோடும் புதியதின் கோடும் ஒன்றின் மேல் ஒன்று அச்சாகப் படிந்தன. அறைக்கு எடுத்துப் போனேன். தனம் அக்கா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “இல்ல தம்பி. பழசு பக்கத்துல ஒக்காந்து பாடுது. புதுசு வாசல்ல நின்னு பாடுது” என்றார். தனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் தனம் சொன்னால் இருக்கும் என்றார் ராஜேஸ் அக்கா.

மேனேஜர் சிவபாலன் யாழ்ப்பாணத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாகப் பேனா பிடித்தவர்கள். கெட்ட மனிதர் இல்லை. மெஷின் இருக்கும்போது கம்பள அறையில் நாலு பேர் எதற்கு என்று மேலிடம் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இந்தத் தடவை காது சொன்னது சரி என்றால் அறை இருக்கும், மெஷின் சொன்னது சரி என்றால் மூடச் சொல்லி எழுதப்போகிறேன் என்று என்னிடம் வெளிப்படையாகச் சொன்னார். “நீர் சோதிச்சுப் பாரும். என்னெண்டாலும் உம்மட கையெழுத்துத்தான் போகும்.” இது அக்காமாருக்கு மறுநாளே தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சோதனை. எந்தப் பிளேயர் ஓடுகிறது என்று கேட்பவருக்குத் தெரியாதபடி ஒரு சுவிட்சுப் பெட்டி செய்தேன். ஒவ்வொரு முறையும் இருபது காசு நாணயத்தைச் சுண்டி, பூவா தலையா பார்த்துச் சுவிட்சைத் தட்டினேன். பன்னிரண்டு முறை. தனம் அக்கா பழசு, புதுசு, புதுசு என்று காய்கறி எடுத்துப் போடுகிற மாதிரிச் சொல்லிக்கொண்டே போனார். பன்னிரண்டும் சரி. சிவபாலன் என் தாளை வாங்கி இரண்டு முறை எண்ணினார். அன்று சாயங்காலம் தனம் அக்கா கேண்டீனில் எல்லோருக்கும் பீசாங் கோரெங், பொரித்த வாழைப்பழம், வாங்கிக் கொடுத்தார். எனக்கும் ஒரு தட்டு வந்தது. “சாப்பிடு தம்பி, தோத்தவனுக்குத்தான் பசிக்கும்.” தோற்றதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். கொஞ்சம் இருந்தது. வாழைப்பழம் நன்றாகவே இருந்தது.

அந்தக் கொஞ்சம்தான் திங்கட்கிழமை என்னை எல்லோருக்கும் முன்னால் தொழிற்சாலைக்கு இழுத்துப் போனது. ஹெட்போன் முனையிலேயே மீட்டரை வைத்து இரண்டையும் அளந்தேன். புதிய ஐசியின் சத்தம் ஒரு இழை குறைவு. அரை டெசிபல்கூட இல்லை. முன்பு நான் செய்த தவறும் அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொன்றையும் அதனதன் உச்ச சத்தத்தை நூறாக வைத்து அளந்திருக்கிறேன். நூறையும் நூறையும் ஒப்பிட்டால் ஒன்றாகத்தான் தெரியும். ஒன்றின் நூறு மற்றதின் நூறைவிடத் தாழ்வு என்பதை நான் பார்க்கவே இல்லை. சத்தம் ஒரு இழை குறைந்தால் காதுக்குக் குறைந்ததாகத் தெரியாது. தள்ளிப்போனதாகத் தெரியும், வாசலுக்கு.

தனம் அக்காவிடம் முதலில் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்தேன். ஷிப்டுக்கு முன் கேண்டீனில் தேநீரோடு உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, புதுசுல சத்தம் கொஞ்சம் கம்மி. அதான் தூரமாக் கேட்டிருக்கு.”

“அப்ப நான் கேட்டது நெசந்தானே?”

“நெசந்தான். ஆனா ஐசில கொற இல்லக்கா. ஒரு ரெசிஸ்டர் மாத்துனா ரெண்டும் ஒண்ணாயிடும்.”

அவர் தேநீரை ஊதினார். குடிக்கவில்லை. “அப்ப மாத்திட்டுப் பேசாம இரு தம்பி. ஒன்ன யாரு கேட்டா?”

யாரும் கேட்கவில்லை. அதுதான் உண்மை. வெள்ளைக் கோட்டின் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் வயது எனக்கு. கண்டுபிடித்த ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியவில்லை. ஒன்பது மணிக்குச் சிவபாலனின் அறைக்கதவைத் தட்டினேன்.

இரண்டாவது சோதனையில் சத்தம் இரண்டிலும் சமம். அதே நாணயம், அதே பாட்டு. தனம் அக்கா எப்போதும் கண்ணை மூடிக் கேட்பவர், அன்று என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முதலாவது சரி. இரண்டாவது தவறு. மூன்றாவதை மறுபடி போடச் சொன்னார், அதற்கும் தவறாகச் சொன்னார். எட்டாவது முறை ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“ரெண்டும் ஒண்ணுதான், சார்.”

அதற்கு முன் அவர் என்னை சார் என்று கூப்பிட்டதே இல்லை. அதற்குப் பிறகு வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

நான் சொன்னது சரி. இன்றைக்கும் சரி. ஒழுங்காகச் செய்த இரண்டு கன்வெர்ட்டர்களின் சத்தத்தைச் சமமாக வைத்துக் கேட்டால் வித்தியாசம் கண்டுபிடிப்பது அரிது. இதற்காகப் பல வருஷம் பலரிடம் சண்டை போட்டிருக்கிறேன், இப்போது தெம்பு இல்லை. ஆனால் அந்த அறை ஐசிகளைத் தரம் பிரிக்க வைத்த அறை அல்ல. மணலையும் தகரத்தையும் பிடிக்க வைத்த அறை. நாலு பேரும் நாள் முழுக்கச் செய்த அந்த வேலையை நாங்கள் சோதிக்கவே இல்லை. சோதிக்க வேண்டும் என்று அளப்பதே தொழிலான எனக்குத் தோன்றவும் இல்லை.

இரண்டே மாதத்தில் கம்பளத்தை உரித்தார்கள். பசை காய்ந்த சுவரோடு அறை அட்டைப்பெட்டிக் கிடங்கானது. நாலு பேரும் லைனுக்குத் திரும்பினார்கள். எனக்குச் சம்பளம் கூடியது. தனம் அக்கா இரண்டு வருஷம் நின்றார். காலில் புண் வந்து ஆறவில்லை. உட்காரும் வேலை கேட்டார், காலியில்லை என்றார்கள். தானாகவே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு வேலையிலிருந்து நின்றுகொண்டார்.

இப்போது அங்கே எதுவும் மிச்சமில்லை. சிடி பிளேயர் வாங்க ஆளில்லை. பாட்டைச் சத்தமாக வைத்த பஸ்களில் இப்போது வேறு மொழி பேசும் பெண்கள், வேறு தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். கட்டடத்தை இடித்துவிட்டார்கள். தொண்ணூறுகள் முடிவதற்குள் வேலையெல்லாம் கூலி குறைந்த வேறொரு நாட்டுக்குப் போயிருந்தது. கடைசி நாள் கேண்டீனில் வரிசையாக நிற்கவைத்து, வேலை பார்த்த வருஷத்தைக் கணக்கிட்டு ஆளாளுக்கு நஷ்டஈட்டுச் செக் கொடுத்தார்கள். தானாக நின்றவர்களுக்குக் கிடையாது. ராஜேஸ் அக்கா தம்முடைய செக்கை என்னிடம் நீட்டி, எழுத்தில் போட்டிருப்பதைப் படித்துச் சொல்லச் சொன்னார்.

“நானும் தனமும் ஒரே நாள்ல சேந்தோம் தம்பி. இருந்திருந்தா அவளுக்கும் இதேதான் வந்திருக்கும். எவ்வளவு, படி.”

படித்தேன். பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது வெள்ளி.