பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள்

எழுபதுகளில் நயினாதீவில் டொக்டரிடமோ வழக்கறிஞரிடமோ போகிறவர்கள் முதலில் வாமதேவன் வீட்டுப் படலையைத் தட்டுவார்கள். ஒரு வேலி வழக்கில் இரண்டு பக்கத்தாருக்கும் வெற்றி என்று வாக்குக் கொடுத்த வழக்கறிஞரின் கதை தீவெங்கும் பரவியிருந்தது. அதன்பிறகு படித்தவர்களிடம் தனியே போக எவருக்கும் துணிவில்லை. வாமதேவன் கூடப் போவார். ஒன்றும் கேட்கமாட்டார், எதிர்க் கதிரையில் இருந்துகொண்டு டொக்டரையோ வழக்கறிஞரையோ இமை வெட்டாமல் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு முன்னால் பொய் வராது என்பது ஊர்ப்பேச்சு.

கடைசியில் அவருடைய கண்ணிலேயே புரை விழுந்தது.

"இண்டைக்கு ஆரோட வந்தனீர்?" என்று கேட்டார் யாழ்ப்பாணத்துக் கண் டொக்டர்.

"இண்டைக்கு நான்தான் வருத்தக்காரன். என்ரை கண்ணைக் காட்ட வந்தனான்."

"வெட்டவேணும். வெட்டேக்கை மற்றக் கண்ணையும் மூடிக் கட்டுவம்."

வாமதேவன் எழும்பிவிட்டார். "அப்ப நீங்கள் செய்யிறதை ஆர் பாக்கிறது?"

"விட்டால் குருடாய்ப் போவீர்."

"போகட்டும்."

டொக்டர் சிரித்தபடி, வாசலில் நின்ற அவர் மனைவி சிவயோகத்தைக் கூப்பிட்டார். "அக்கா, உள்ளுக்கு ஒரு கதிரை போடுவிக்கிறன். இருந்து என்னைப் பாருங்கோ."

"கலியாணம் முடிச்ச நாள் தொட்டு உந்த மனுசனையே கண்காணிச்சுக்கொண்டு வாறன்," என்றாள் சிவயோகம். "உங்களைப் பாக்கிறது பெரிய வேலையே, டொக்டர்?"

வாமதேவன் மெல்லக் கதிரையில் இருந்தார்.