சூரியகாந்தித் தழையும் ஒரு தூக்குப் பாலும்

எங்கள் வீட்டுப் பரணில் மூடி நசுங்கிய எவர்சில்வர் தூக்கு ஒன்று இருக்கிறது. என் மாமனார் அதில்தான் பால் கறந்து வருவார். முதல் டம்ளர் என் மகளுக்கு. அப்போது அவளுக்கு மூன்று வயது. தாத்தா கையால் ஊற்றினால்தான் குடிப்பாள், நான் ஊற்றினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

தவளக்குப்பத்துக்கு மேற்கே எங்கள் நிலம். பக்கத்துக் கொட்டகையில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மூடிவிட்டுப் போனார்கள், ஈயம் எங்கள் மண்ணிலேயே தங்கிவிட்டது. மண்ணைப் பரிசோதிக்க வந்த மேடம், பாதி நிலத்தில் எலும்புத்தூளும் மக்கிய எருவும் சுண்ணாம்பும் கலக்கச் சொன்னார். ஈயம் மண்ணோடு இறுகிவிடும், பயிருக்குள் அவ்வளவாக ஏறாது என்றார். மீதிப் பாதியில் சூரியகாந்தி. அது கொஞ்சங்கொஞ்சமாக ஈயத்தை இழுக்கும், வேரோடு பிடுங்கிச் சாக்கில் கட்டினால் வண்டி வந்து எடுத்துப்போகும். வருஷக்கணக்கில் ஆகும் வேலை. “இதுல வெளையறத யாரும் சாப்பிடக் கூடாது” என்று கண்டிப்பாகச் சொன்னார். மாமனார் ஒரு விதையைக்கூட வாயில் போட்டதில்லை, பறிக்க வந்தவர்களையும் விரட்டினார்.

ஆனால் மனிதர் சாப்பிடாததை மாட்டுக்குப் போடுவதுதானே எங்கள் வீட்டு வழக்கம். அடித்தழையை ஒடித்து ஒடித்து தினமும் பசுவுக்குப் போட்டிருக்கிறார். இரண்டு மாதம். சாக்கு ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது என்று மேடம் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. “மாடு திங்கக் கூடாதுன்னு நீங்க சொல்லலியேம்மா” என்றார் மாமனார். அந்தப் பசுவின் பாலை யார் குடிப்பது என்று மேடம் கேட்டார்.

குழந்தையின் ரத்தத்தை எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நான் நானாக இல்லை. அவள் சோறு வேண்டாமென்றால் பயம், வயிறு வலி என்றால் பயம், சற்று அதிகமாகத் தூங்கினால் உலுக்கி எழுப்பினேன். இரண்டாம் நாள் காலையில் மாமனார் கறந்த பாலைக் குழியில் ஊற்றிவிட்டு வெறும் தூக்கோடு என் முன்னால் வந்து நின்றார். எங்கிருந்துதான் வந்ததோ அந்தப் பேச்சு. “உங்க கையாலதான மாமா எம்புள்ளைக்கு வெஷத்த ஊத்துனீங்க” என்றேன். தூக்கு அவர் கையிலிருந்து நழுவியது. மூடி அன்றைக்கு நசுங்கியதுதான்.

ரத்தத்தில் ஈயம் இருந்தது, மருந்து கொடுக்கும் அளவுக்கு இல்லை. டாக்டர் என்னிடம், “கொழந்த மண்ணுல வெளையாடுமா?” என்று கேட்டார். களை பறிக்கப் போகும்போதெல்லாம் அவளை வரப்பில் உட்கார வைத்தது நான்தான். மண் அளைந்த கையோடு விரல் சூப்புவாள். “பாலவிட அதுலதாம்மா அதிகமா போயிருக்கும்” என்றார். வீட்டுக்கு வந்து மாமனாரிடம், பயப்பட ஒன்றுமில்லை என்று மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

அதன்பிறகு மாமனார் அவள் கையில் எதையும் கொடுத்ததில்லை. ஒரு பிஸ்கட் என்றாலும் என்னிடம் நீட்டி, “நீ பாத்துக் குடும்மா” என்பார். அவள் தாத்தா தாத்தா என்று அழுதாலும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். சாகும்வரை அப்படித்தான் இருந்தார்.

இப்போது அவளுக்குப் பத்து வயது. ரத்தம் சரியாகி வெகுநாளாயிற்று. போன வாரம் பரணைத் துடைத்தவள் தூக்கை எடுத்துக்கொண்டு வந்து, “இத யாரும்மா நசுக்குனது?” என்று கேட்டாள். தாத்தா கைதவறிப் போட்டுவிட்டார் என்று வாய்வரை வந்தது.

“நான்தான்” என்றேன்.