மேல்கட்டில்காரனுக்குக் காட்டிய சைகை

வெள்ளிக்கிழமைக் காலைகளில் வளைகுடாக் கரையிலுள்ள சோஹாரின் காற்றில் உப்பு பாதி, கந்தகம் பாதி. துறைமுகத்துக் கிரேன்கள் தலை குனிந்து நிற்க, தொழிலாளர் கேம்ப்புக்குப் பின்னால் கிடந்த சரளைத் தரையில் நாங்கள் பேஸ்பால் ஆடினோம். சிரிக்காதீர்கள். கிரிக்கெட் தவிர வேறெதற்கும் மட்டை பிடித்திராத தமிழ்நாட்டுக் கைகள்தான் எங்களுடையவை. எங்கள் மேனேஜர் கொரியாக்காரர். வேலையில் ஆளைப் பார்த்தால் பாதி மனிதன்தான் தெரிவான், மைதானத்தில்தான் முழு மனிதன் தெரிவான் என்பது அவருடைய வேதம். யாருக்குப் பதவி, யாரை எங்கே அனுப்புவது என்பதையெல்லாம் அவர் வெள்ளிக்கிழமைகளில்தான் மனதுக்குள் முடிவு செய்தார். அது கேம்ப்பில் எல்லோருக்கும் தெரியும். எதிரே ஆடியவர்கள் பக்கத்துக் கம்பெனிப் பிலிப்பைன்ஸ்காரர்கள். அவர்களுக்கு அந்த ஆட்டம் தாய்ப்பாலோடு வந்தது.

வைரம்போல் சாய்ந்த சதுரம். நான்கு முனை. மூன்று முனைகளில் மணல் அடைத்த சிமென்ட் சாக்கு, அதை நாங்கள் மூட்டை என்போம். நாலாவது முனை ஹோம். அங்கே நின்று அடிக்க வேண்டும், மூன்று மூட்டைகளையும் சுற்றி அங்கேயே திரும்பி வந்தால் ஒரு ரன். இவ்வளவு தெரிந்தால் போதும், மற்றதை நான் சொல்லிக்கொண்டே வருகிறேன். சொல்ல வேண்டியது ஆட்டத்தைப் பற்றி அல்ல. ஒருவனைப் பற்றி.

என் அறையில் எனக்கு மேல்கட்டிலில் படுத்தவன் அவன். புதுக்கோட்டைப் பக்கம். என்னைவிடச் சில வயது இளையவன், வாய் நிறைய அண்ணே. சாரம் கட்டுவதில் என் ஜோடி. உயரத்தில் நான் பிடிக்கும் குழாயின் மறுமுனையை அவன் பிடிப்பான். அவன் கை நழுவினால் நான் இல்லை, என் கை நழுவினால் அவன் இல்லை. அப்படி ஒருவனை வெறுப்பதற்கு நிறையக் காரணம் வேண்டும். எனக்கு ஒன்று கிடைத்தது, அது போதுமானதாக இருந்தது.

முதல் வருடம் சார்ஜ்ஹேண்ட் வேலைக்கு எங்கள் இருவர் பேர்தான் அடிபட்டது. சார்ஜ்ஹேண்ட் என்றால் ஒரு குழுவுக்கு மேஸ்திரி, வருடத்துக்கு ஒரு லீவு. மற்றவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒன்று. என் மகளுக்கு அந்த வருடம் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். கடற்கரைக் கோயிலில் வெள்ளைக் கவுன் போட்டு, கையில் மெழுகுதிரி பிடித்து நிற்பாள். நான் அங்கே நிற்க வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை எனக்கு அப்போது இருக்கவில்லை.

அன்று ஆட்டத்தின் கடைசிச் சுற்று. மூன்று பேர் அவுட்டானால் முறை முடியும், ஒருவன் ஏற்கெனவே அவுட். நான் மூன்றாம் மூட்டையில். ஹோமுக்கு ஓடி வந்தால் ஸ்கோர் சமம். மட்டையோடு நின்றவன் மேல்கட்டில்காரன். மேனேஜர் தொப்பியைத் தொட்டார். தொப்பி என்றால் பன்ட். மட்டையை வீசாமல் பந்துக்குக் குறுக்கே வெறுமனே நீட்டி, பந்தைக் காலடியிலேயே சாகடிக்க வேண்டும். அடித்தவன் அவுட் ஆவான், ஆனால் அவனை அவுட்டாக்கும் நேரத்தில் மூன்றாம் மூட்டைக்காரன் வீடு வந்துவிடுவான். ஒருவன் தன்னைக் கொடுத்து இன்னொருவனைக் கொண்டுவரும் அடி அது.

சைகையைப் பார்த்த உடனே நான் ஓடத் தொடங்கினேன். அவன் மட்டையை வீசினான். முழுத் தோளையும் போட்டு, மேனேஜர் கண்ணுக்கு நேராக, வானத்தைப் பார்த்து. பந்து கிரேன்களின் உயரத்துக்குப் போனது. அழகான அடி, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எல்லைக்குப் பக்கத்தில் ஒரு பிலிப்பைன்ஸ்காரன் நிதானமாகப் பிடித்தான். கேட்ச். நான் பாதி வழியில் நின்றுவிட்டேன், இடுப்பில் கை வைத்து. கிரிக்கெட்டில் கேட்ச் பிடித்தால் பந்து செத்தது, ஆட்டம் அங்கே மூச்சு விடும். இந்த ஆட்டத்தில் பந்து சாகாது. நான் திரும்பிப் போய் மூட்டையைத் தொட்டிருக்க வேண்டும். நான் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பந்து பறந்து வந்தது, அவர்கள் ஆள் அதைப் பிடித்து மூட்டையை மிதித்தான், நானும் அவுட். ஆட்டம் முடிந்தது.

"கேட்ச் பிடிச்சா திரும்பிப் போயி தொடணும்னு அண்ணனுக்குத் தெரியலப்பா" என்று அவன் எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தான். "டென்னிஸ் பால் கிரிக்கெட்னு நெனச்சுட்டாரு."

அது பரவாயில்லை. மேனேஜர் அவனைக் கூப்பிட்டு, நான் பன்ட் காட்டினேனே, ஏன் வீசினாய் என்று கேட்டார். அவன் ஒரு நொடி யோசித்தான். என்னைக் கை நீட்டிக் காட்டினான்.

"ஹி சே ஹிட்" என்றான்.

மூன்று சொல். நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். ஏற்கெனவே முட்டாளாக நின்றவனை யார் நம்புவார்கள். மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார், தலையை ஆட்டினார், அந்தப் பெரிய அடியை நினைத்து அவன் தோளில் தட்டினார். அடுத்த வாரம் அவன் சார்ஜ்ஹேண்ட். புதுநன்மை அன்று நான் சாரத்தின் மேலே குழாயோடு இருந்தேன். மகளின் படம் போனில் வந்தது, வெயிலில் திரை தெரியவில்லை, உள்ளங்கையால் நிழல் கட்டிப் பார்த்தேன்.

மன்னித்துவிடு என்று கேம்ப்புக்கு வரும் பாதிரியார் சொன்னார். சரி ஃபாதர் என்றேன். நாக்கு சொன்னது.

அதன்பிறகு நான் அந்த ஆட்டத்தைப் படித்தேன். ஆசையால் அல்ல. ஒருவன் தன் எதிரியின் வீட்டு வாசல், கொல்லை, நாய் கட்டியிருக்கும் இடம் எல்லாம் தெரிந்துவைத்துக்கொள்வானே, அப்படி. கீழ்க்கட்டிலில் படுத்து, போன் வெளிச்சத்தை முகத்தில் வாங்கி, ஒவ்வொரு விதியையும் உள்ளே இறக்கினேன். மேலே அவன் புரண்டால் என் முகத்துக்கு நேரே பலகை முனகும். அந்தச் சத்தத்துக்கு நடுவே படித்தால் ஒன்றும் மறக்காது. அடுத்த வருடம் என் முட்டி தேய்ந்து ஓட முடியாமல் போனபோது, விதி தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், மூன்றாம் மூட்டைக்குப் பக்கத்தில் நின்று சைகை காட்டும் வேலையை மேனேஜர் எனக்குக் கொடுத்தார். தொப்பியைத் தொட்டால் பன்ட். முழங்கையைத் தடவினால் அடி. எதிரிக்குப் புரியாமல் இருக்க நடுவில் காது, மூக்கு, நெஞ்சு என்று சும்மா தொட வேண்டும்.

"என்ன வே, ஒடம்பெல்லாம் அரிப்பா? வேப்பெண்ணெய் தேயும்" என்றான் எங்கள் வெல்டர், நாகர்கோவில்காரன்.

"அரிப்புதான்டே. ரொம்ப நாளா."

அந்த வருடம் ஒரு செய்தி பரவியிருந்தது. அபுதாபிப் பக்கம் முசஃபாவில் கம்பெனி புது ஒர்க்ஷாப் திறக்கிறது. எங்கள் கேம்ப்பிலிருந்து ஒருவனைச் சூப்பர்வைசராக மேனேஜர் அழைத்துப் போவார். குடும்ப விசா உண்டு. மேல்கட்டில்காரன் அதற்காக உயிரை விட்டான். மனைவியையும் பையனையும் அபுதாபிக்குக் கொண்டுவருவதைப் பற்றித் தூக்கத்தில்கூடப் பேசினான். ஒவ்வொரு வெள்ளியும் மேனேஜர் பார்க்க ஒரு பெரிய அடி, வானத்துக்கு ஒன்று, அதுபோதும் அவனுக்கு. எனக்கு முசஃபா வேண்டாம், தேய்ந்த முட்டிக்கு யாரும் அதைக் கொடுக்கவும் மாட்டார்கள். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவனுக்கு அது கிடைக்கக் கூடாது.

அவன் மட்டையோடு வந்து நின்று என்னைப் பார்ப்பான். நான் காதைத் தொடுவேன், மூக்கைத் தொடுவேன், நெஞ்சைத் தொடுவேன். பிறகு தொப்பி.

ஒவ்வொரு முறையும் தொப்பி. யார் எந்த மூட்டையில் நின்றாலும் தொப்பி. அவன் பன்ட் வைப்பான், அவுட் ஆவான், தூசியைத் தட்டிக்கொண்டு வெளியே நடப்பான், அவன் கொடுத்த உயிரில் வேறு யாரோ வீடு வந்து கை தட்டு வாங்குவார்கள். நாங்கள் ஜெயித்தோம். அதுதான் இதில் உள்ள தேன். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்க முடியாது. டீம் ஜெயிக்கிறது, அவன் தேய்கிறான்.

பஸ்ஸில் ஒருநாள் அவன் என் சீட்டுக்கு முன்னால் வந்து நின்றான். "அண்ணே, எனக்கு மட்டும் ஏண்ணே எப்பப் பாத்தாலும் தொப்பி?"

"டீமுக்காகடே."

"மத்தவனும் டீம்லதானண்ணே இருக்கான்."

"மத்தவனுக்கு உன்னப் போல வைக்கத் தெரியாதுடே. நீ வச்சா அது கோயில் காரியம் மாதிரி இருக்கு."

பின்சீட்டில் வெல்டர் இருமிச் சிரிப்பை மறைத்தான். மேல்கட்டில்காரன் என் முகத்தையே பார்த்தான். அவனுக்குப் புரிந்தது. புரிய வேண்டும் என்றுதான் நான் அப்படிச் சொன்னேன். தெரியாமல் விழும் அடியில் என்ன ருசி?

ஒன்று நான் எதிர்பார்க்கவில்லை. அவன் நன்றாக வைக்கத் தொடங்கினான். வேகமாக வரும் பந்து அவன் மட்டையில் பட்டதும் கோபத்தை மறந்துவிடும். தூங்கும் பிள்ளையைப் பாயில் கிடத்துவதுபோல அதைச் சரளையில் இறக்குவான். அதைப் பார்க்கும்போது என் கண் வேறெங்கும் போகாது. பாராட்டு என்று அதற்குப் பேர் வைக்க நான் தயாராக இல்லை.

கோப்பைக்கான கடைசி ஆட்டம் வந்தது. ஸ்கோர் சமம். எங்கள் கடைசி முறை, ஒருவன் அவுட், மூன்றாம் மூட்டையில் வெல்டர், என் கைக்கெட்டும் தூரத்தில். அவன் வீடு போய்ச் சேர்ந்தால் கோப்பை. மட்டையோடு நடந்து வந்தவன் மேல்கட்டில்காரன். மேனேஜர் வலைக்குப் பின்னால் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். மறுவாரம் அவர் முசஃபாவுக்குப் பேர் அனுப்ப வேண்டும்.

பிலிப்பைன்ஸ்காரர்கள் முட்டாள்கள் அல்ல. வருடம் முழுவதும் அவன் பன்ட் வைப்பதைப் பார்த்தவர்கள். உள்வட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் அவன் மூக்குக்கு நேரே வந்து குந்தியிருந்தார்கள், பந்து கீழே உருண்டதும் அள்ளிக்கொள்ள. அவர்கள் முதுகுக்குப் பின்னால் மைதானம் வெறிச்சோடிக் கிடந்தது. லேசாகத் தூக்கி, அவர்கள் தலைக்கு மேலே போட்டால் போதும், வெல்டர் நடந்தே வீடு போகலாம். பன்ட் வைத்தால் வெல்டர் செத்தான்.

நான் காதைத் தொட்டேன். மூக்கைத் தொட்டேன். என் வஞ்சம் முழுவதும் வலது கையில் வந்து கூடி, தொப்பியை நோக்கி ஏறியது. இன்னும் ஒரு தொப்பி, கடைசித் தொப்பி, மேனேஜரின் கண் முன்னாலேயே. ஆனால் கை பாதியில் இறங்கி இடது முழங்கையைத் தடவியது. நல்ல எண்ணம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அத்தனை நாள் வெறுப்போடு படித்த ஆட்டம் என்னைக் கேட்காமல் கைக்குள் குடியேறியிருந்தது. அந்த வெற்று மைதானத்தைப் பார்த்த பிறகு தொப்பியைத் தொட அந்தக் கைக்குத் தெரியவில்லை. மறுபடியும் தடவினேன், அழுத்தமாக, சட்டை சுருங்க. அடி. அடிடே.

அவன் பார்த்தான். நன்றாகப் பார்த்தான். உதட்டின் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. திரும்பி நின்றான். பந்து வந்தது. குனிந்து மட்டையை நீட்டினான்.

அவன் வாழ்க்கையிலேயே அழகான பன்ட் அது. சரளையில் உருண்டு நேராக அவர்கள் ஆள் கைக்குப் போனது. வெல்டர் ஹோமுக்குப் பாதி தூரத்தில் அவுட். அடுத்தவன் பந்தைத் தொடவே இல்லை. கூடுதல் சுற்றில் அவர்கள் ஒரு ரன் எடுத்தார்கள், நாங்கள் எடுக்கவில்லை. அவ்வளவுதான், கலாஸ்.

மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். என்ன சைகை என்று என்னைக் கேட்டார்.

"ஹிட்" என்றேன்.

அவன் பக்கம் திரும்பினார். பார்த்தாயா?

அவனுக்கு அந்த அவசரத்தில் இங்கிலீஷ் வரவில்லை. என்னைப் பார்த்துத் தமிழில் பேசினான். "பாத்தேன், ஆனா நம்பலன்னு சொல்லுங்கண்ணே. வருசம் பூரா தொப்பியத் தொட்ட மனுசன் இன்னிக்கி அடின்னு காட்டுனா நான் எப்படி நம்புவேன்? என்னை மாட்டிவிடத்தான் காட்டுறாருன்னு நெனச்சேன். அப்படியே சொல்லுங்கண்ணே. எனக்கு வாய் வரல."

சைகையை நம்பாதவன் என் நாக்கை நம்பினான். மேனேஜர் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். கிரேன் ஒன்று எங்கோ மணியடித்துக்கொண்டு நகர்ந்தது. அந்த நிமிடம் எவ்வளவு இனிப்பு என்று எழுதத் தெரியவில்லை, பல்லில் இன்னும் ஒட்டியிருக்கிறது.

"ஹி சா" என்றேன். "ஹி டிட் நாட் ஃபாலோ."

ஒரு பொய்யும் இல்லை. மேனேஜர் மெல்லத் தலையாட்டினார். "நோ டீம்" என்றார், அவனைப் பார்த்து. பிறகு நடந்து போய்விட்டார். முசஃபாவுக்குப் போனவன் மைதானத்துப் பக்கமே வராத ஒரு நேபாளி, கிரேன் ஓட்டுநர்.

பஸ்ஸில் அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "என்னண்ணே சொன்னீங்க அவர்கிட்ட?"

"நீ பாத்தேன்னு சொன்னேன். கேக்கலன்னு சொன்னேன்."

"நான் சொன்னதுல பாதி."

"ஆமாடே. பாதி."

அவன் ஜன்னலுக்குத் திரும்பினான். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. மனைவி. குரல் வெளியே கேட்டது. பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கியாச்சு, அங்க எந்த ஸ்கூல்னு கேட்டுச் சொல்லுங்க என்றாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பேர் இப்போது வரும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இந்தப் பாவிதான், இவன்தான் கெடுத்தான் என்று சொல்லுவான். அதைக் கேட்கத்தான் ஒரு வருடம் தொப்பியைத் தொட்டேன்.

"இல்லத்தா, முசஃபா இல்லைன்னு ஆயிருச்சு" என்றான். "டீம் தோத்துப்போச்சு. அதான். நீ நாளைக்கிப் போயி பெரிய சார்கிட்ட டி.சி.யத் திருப்பிக் குடுத்துப் பாரு."

போனை வைத்தான். எனக்கு உள்ளே எரிந்தது. "என்னாலதான்னு சொல்லேன்டே" என்றேன். "என் பேரச் சொல்லு. அதுல என்ன?"

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். கோபம்கூட இல்லை அந்த முகத்தில்.

"அதுவும் ஒங்களுக்கு வேணுமாண்ணே?" என்றான்.