பிளேஸ்டோ மூலையிலை ஒரு மஞ்சள் விளக்கு

பஸ் ஓட்டுற சந்திரவதனா ஐம்பத்தெட்டு வயசிலை டாங்கோ நடன வகுப்புக்குப் போறாள் எண்டு கேட்டுச் சொந்தக்காரர் எல்லாம் வாயைப் பொத்திச் சிரிச்சினம். சிரிக்கட்டுமே! அவளுக்கு ஆட்டத்தைவிட, அதுக்குப் போடுற பழைய பாட்டுகளிலைதான் பைத்தியம். மூலைத் தெருவிளக்கு, பூட்டின ஜன்னல், தலை நரைச்சுத் திரும்பி வாறவன் எண்டு டீச்சர் வரிவரியாக விளங்கப்படுத்துவா. விளக்கு வெறும் விளக்கில்லை, இளமையைக் கண்ட சாட்சியாம். அந்தப் பாட்டுகளிலை கனபேர் அழுதது கடல் கடந்த ஊருக்கில்லை. தாங்கள் இருக்கிற அதே பட்டணத்திலை, ரெண்டு பஸ் தள்ளிக் கிடக்கிற பழைய தெருவுக்கு.

அட, அப்பிடி ஒரு தெரு எனக்கும் இருக்கே எண்டு நினைச்சாள். ஊரை விட்டு இந்த வெள்ளைக்காரப் பட்டணத்துக்கு வந்த புதுசிலை, பிளேஸ்டோப் பக்கம் ஒரு கடைக்கு மேலை ஒற்றை அறையிலைதான் இருந்தவை. பெற்றோல் ஸ்டேஷன் ஷிப்ட் முடிஞ்சு புருசன் குகதாசன் வாற நேரம், ஜன்னலடியிலை நிண்டு மஞ்சள் விளக்கையே பாத்துக்கொண்டிருப்பாள். இப்ப கவுன்சில் வெள்ளை விளக்குப் போட்டிட்டுது. அதை ஒரு பாட்டாக எழுதினாள். வகுப்பிலை துருத்திப்பெட்டி வாசிக்கிற கிழவர் மெட்டுப் போட்டுக் குடுத்தார்.

பழைய மாணவர் சங்கக் கலைமாலையிலை அதைப் பாடவேணும் எண்டு ஒற்றைக்காலிலை நிண்டாள். தலைவர் றெஜினோல்ட் முகத்தைச் சுழிச்சார்.

"தங்கச்சி, பிளேஸ்டோவை எடுத்திட்டு யாழ்ப்பாணத்தைப் போடுங்கோ. எங்கட சனம் ஊரைத்தான் கேக்கும்."

"மாத்த ஏலாது அண்ணை. நான் வாழ்ந்ததைத்தான் பாடுவன்."

"அப்ப உங்கட பாடு" எண்டு அவர் கையை விரிச்சிட்டார்.

அண்டைக்கு மண்டபம் நிறைஞ்ச சனம். கிழவர் தன்ரை பெட்டியை மடியிலை வைச்சு இழுக்க, அது பெருமூச்சு விட்டுது. ரெண்டு வரி பாடினாள். சனம் நெளிஞ்சுது. திரும்பிப் பாத்தால், பின்திரையிலை பெரிய யாழ்ப்பாணத்துப் பனங்கூடல்! பெண் பாடுறாள் எண்டால் ஊர்ப்பாட்டுத்தான் எண்டு நினைச்சு, வழக்கம்போலை ஆரோ போட்டுவிட்டிருக்கினம். அவளுக்கு வந்துதே ஒரு கோவம்!

"அந்தப் பனையை நிப்பாட்டுங்கோ! நான் பாடுறது பிளேஸ்டோவை."

சனம் கொல்லெண்டு சிரிச்சுது. திரை இருண்டுது. அவள் தொடக்கத்திலையிருந்து திரும்பப் பாடினாள்: "மஞ்சள் விளக்கே, மூலை விளக்கே, நாங்கள் இளமையாய் இருந்தது உனக்குத்தானே தெரியும்?"

சிரிப்பு அப்பிடியே அடங்கிப்போச்சுது. முன்வரிசையிலை குகதாசன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார், வெக்கமேயில்லாமல். பாட்டு முடிஞ்சுது.

பின்னுக்கிருந்து ஒரு மனுசி எழும்பினா. "அக்கா, நாங்கள் வந்து முதல் இருந்த அறை டூட்டிங்கிலை. அதையும் சேர்த்துப் பாடுங்கோ!"

"குட்மேய்ஸ்!" எண்டார் ஒருத்தர். "ஈஸ்ட் ஹாம், ஆறு பேர் ஒரு அறையிலை!" எண்டார் இன்னொருத்தர். மண்டபமே எழும்பிக் கத்திச்சுது. முப்பது வருசமாக ஒருத்தரும் கேக்காத தெருக்கள் எல்லாம் வாய்விட்டுக் கூப்பிட்டுதுகள்.

சந்திரவதனா மைக்கை இறுக்கிப் பிடிச்சாள். ஒவ்வொரு தெருவாகச் சேர்த்துப் பாடினாள், சனமும் சேர்ந்து பாடிச்சுது.