அப்பா எர்த் பண்ணிய அக்கா

ஆண்டர்சன்பேட்டை வீட்டு வாசலில் அந்தச் சிவப்பு மணல் வாளி இன்னும் கிடக்கிறது. கோலார் தங்கச் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்த அப்பா, அங்கே தீயணைக்க வைத்திருந்ததைக் கொண்டுவந்தது. பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

அக்கா மனச்சோர்வில் விழுந்து, சாப்பாட்டையும் பேச்சையும் விட்டிருந்த நேரம். மாத்திரைகள் பலிக்கவில்லை. இப்படியே போனால் உயிருக்கு ஆபத்து என்று கோலார் டாக்டர் மின் சிகிச்சைக்குச் சொன்னார். மயக்க மருந்து கொடுத்து, சில நொடிகள் மூளைக்குள் மின்சாரம் செலுத்துவார்களாம். வலிப்பு ஒன்று வந்து அடங்கும். முடங்கிய மூளை மெல்ல இயங்கத் தொடங்கும். ஆனால் சிகிச்சையை ஒட்டிய வாரங்களின் நினைவு சில அழிந்துபோகலாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய அப்பா, முதல் சிகிச்சை முடிந்து வந்ததும் வாளி மணலை வாசலில் கொட்டி நனைத்தார். "கரண்ட்டு உடம்புல தங்கிடும்மா, எர்த் பண்ணணும்." ஷாக் அடித்தவனை ஈர மண்ணில் நிறுத்துவது சுரங்கத்தில் அவர்கள் வழக்கமாம். மின்சாரம் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டது என்று தொண்டை கிழியக் கத்தினேன். கேட்டால்தானே! ஒவ்வொரு முறையும் அவளை மணலில் நிறுத்தினார். பிறகு முட்டி போட்டு அவள் காலைக் கழுவிவிட்டார்.

சொந்தக்காரர்கள் அதற்கும் மேல். "நான் யாருன்னு சொல்லு பாப்போம்?" என்று வருகிறவர்களெல்லாம் பரீட்சை வைத்தார்கள். ஒருநாள் சித்தியின் பெயர் அவளுக்கு வரவில்லை. உடனே சிகிச்சையை நிறுத்தச் சொல்லி வாசலில் கூடிவிட்டார்கள். அப்பாவும் சரி என்றார். நான் ஒருத்தி எத்தனை பேரோடு மல்லுக்கு நிற்பது? அப்போது மணலில் நின்றிருந்த அக்கா வாயைத் திறந்தாள். "இன்னாப்பா இது, காலெல்லாம் சேறு! புத்தி கீதா, இல்லியா உனக்கு?"

மாதக்கணக்கில் நாங்கள் கேட்காத கோபம் அது. அப்பா அழுதுவிட்டார். "அடுத்தவாட்டி எப்போ போவணும்?" என்று என்னைத்தான் கேட்டார். சிகிச்சை முழுதாக முடிந்தது. அவரோ சாகும்வரை, மணல்தான் மகளைக் குணமாக்கியது என்று பேட்டை முழுக்கச் சொல்லித் திரிந்தார். என்ன செய்வது அந்த மனிதரை!

அக்கா இப்போது தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறாள். சித்தியின் பெயரெல்லாம் திரும்பிவிட்டது. அந்த வாரங்கள் மட்டும் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வாளியைத் தூக்கிப்போடக் கிளம்பினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா என் காலைக் கழுவுனாரே, எந்தக் கால மொதல்ல?"

எத்தனை தடவைதான் இதையே கேட்பாள்! எனக்கும் அது நிச்சயமாகத் தெரியாது.

"வலது கால்," என்றேன். வாளியைப் பழைய இடத்திலேயே வைத்தேன்.