மாமா கழற்றாத சட்டை

"நாலு எழுத்து படிச்சிட்டா ஊசிக்கே குத்தம் கண்டுபிடிப்பியாம்மா?" என்று அவர் கேட்டார். மருந்துக்கடைக்குப் பின்னால் ஒரு அறையில் ஊசி போடுபவர் அவர். டாக்டர் இல்லை, ஆனால் உப்பளத்தில் பாதிப் பேர் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். எதிரே ஸ்டூலில் என் தாய்மாமா சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். அது மூன்றாவது ஊசி. அதை அவர் போட்டுக்கொள்ளக் கூடாது என்றுதான் மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே அங்கே வந்தேன்.

நாலு எழுத்து இல்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் உயிர்வேதியியலில் பட்டமும் வாங்கியிருக்கிறேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் மாமா விஷயத்தில் அந்தப் படிப்பு ரொம்ப நாள் உதவவில்லை. ஊரோடு சேர்ந்து நானும் அவரைச் சந்தேகப்பட்டேன்.

முதலில் உப்பு வாரும் பலகை அவர் கையிலிருந்து நழுவத் தொடங்கியது. பிறகு வரப்பில் நடக்கும்போது கால் மடங்கிக் கூடையோடு விழுந்தார். டீ கிளாஸைப் பிடித்தால் ஆடியது. காலையில் பாத்தியில் இறங்கும் முன் மேஸ்திரி, "ஏம்பா, ஊது" என்பார். மாமா ஊதுவார்.

"வாடை ஒண்ணும் வர மாட்டேங்குது. எதை மென்னுட்டு வந்தே, ஏலக்காயா, கிராம்பா? சொல்லு, நாங்களும் வாங்கி வச்சுக்கறோம்."

எல்லோரும் சிரிப்பார்கள். மாமாவும் சிரிப்பார். வீட்டில் அம்மா தன் தம்பியான மாமாவின் தூக்குவாளியை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கழுவுவாள்.

எனக்குத் தனியாக ஒரு தடயம் கிடைத்தது. உச்சி வெயிலில் ஆண்கள் வெற்றுடம்போடு உப்பு வாருவார்கள். மாமா மட்டும் சட்டையைக் கழற்றுவதில்லை. கழுத்து வரை பொத்தான். உள்ளே சாராய பாக்கெட் இருக்கிறது என்று முடிவு கட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உப்புக் கொட்டகை நிழலில் அவர் தூங்கும்போது சட்டைப் பைக்குள் கையை விட்டேன்.

பாக்கெட் இல்லை. வேர்வையில் நனைந்து, நாலாக மடித்த லேப் சீட்டு ஒன்று. அதற்கு அடியில் அவர் மார்பு வீங்கி மெத்தென்று இருந்தது. மாமா விழித்து என் கையைத் தட்டிவிட்டார்.

"என்ன பாப்பா தேடுற, பாட்டிலா?"

கையோடு வந்த சீட்டைக் காட்டினேன்.

"ரெண்டு வருஷமா இப்படி இருக்குது. அதுக்குத்தான் சட்டை. ஆம்பள சத்து கொறைஞ்சு போச்சாம். மூணு ஊசி போட்டா சரியாயிடும்னு மருந்துக்கடை டாக்டரு சொல்லிட்டாரு. ரெண்டு போட்டாச்சு. அதுக்கப்புறம்தான் இன்னும் வீங்குது."

சீட்டைப் பிரித்தேன். முதல் ஊசிக்கு முன் எடுத்த பரிசோதனை. அந்த ஊசியில் இருக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அவர் ரத்தத்தில் குறையவே இல்லை. சரியான அளவின் மேல் விளிம்பில் இருந்தது. இங்கிலீஷில் இருந்ததால் மாமாவால் படிக்க முடியவில்லை. ஊசிக்காரர் படிக்கத் தெரியாமல் விட்டாரா, படித்துவிட்டு மறைத்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. மறைத்தார் என்றுதான் நினைக்கிறேன்.

புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாமாவை அழைத்துப் போனேன். நரம்பு டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கு தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. சட்டையைக் கழற்றச் சொன்னார். பிறகு, "உங்க அம்மா வழியில ஆம்பளைங்க யாருக்காவது இப்படிக் கால் தளர்ந்துச்சா?" என்று கேட்டார். மாமாவுக்கும் ஒரு தாய்மாமா இருந்தார். குடித்துக் குடித்தே காலைக் கெடுத்துக்கொண்டவர் என்று வீட்டில் பேச்சு. அவர் குடித்ததை யாராவது பார்த்தார்களா என்று அப்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

மரபணுப் பரிசோதனையின் முடிவு வரும்வரை ஊசி வேண்டாம் என்றார் டாக்டர். சில வாரங்களில் முடிவு வந்தது. ஆண் ஹார்மோன் உடம்பில் வேலை செய்ய அதைப் பிடித்துக்கொள்ள ஒரு புரதம் வேண்டும். அந்தப் புரதத்துக்கான மரபணுவில் மூன்றெழுத்துத் துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை என்பது ஆளுக்கு ஆள் மாறும். கொஞ்சம் கூடினால் ஹார்மோனின் வேகம் சற்று மட்டுப்படும், அவ்வளவுதான். எல்லை மீறினால் புரதமே உருக்குலைந்துவிடும். பிறகு ஹார்மோன் வந்து ஒட்ட ஒட்ட, தசையை இயக்கும் நரம்புகள் கெடும். மாமாவுக்கு எல்லை மீறியிருந்தது.

"இன்ஜின் நல்லா ஓடுது மாமா. தண்ணியும் வருது. மடையிலதான் கோளாறு. இன்னும் எறைச்சா மடைதான் உடையும்" என்றேன்.

தலையாட்டினார். குணப்படுத்த மருந்து இல்லை என்று டாக்டர் சொன்னது மட்டும் அவருக்குள் தங்கிவிட்டது. மூன்றாவது ஊசியில் எல்லாம் சரியாகும் என்று ஊசிக்காரர் மறுபடி ஆள் அனுப்பினார். நான் பஸ்ஸில் வந்து இறங்கிய அந்த வெள்ளிக்கிழமை மாமா அங்கே போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"புக்குல படிச்ச நோயையெல்லாம் உன் தலையில கட்டுதுய்யா உங்க அக்கா பொண்ணு" என்றார் ஊசிக்காரர்.

மாமா என்னைப் பார்த்தார். "என் சட்டைக்குள்ள பாட்டில் தேடுன ஆளு நீ. அன்னிக்கு நீ நெனச்சது தப்பு. இன்னிக்குச் சொல்றது மட்டும் சரியா?"

ஊசிக்காரர் மருந்தை உறிஞ்சத் தொடங்கினார்.

"இது அம்மா வழியா வர்றது மாமா" என்றேன். "அம்மாகிட்ட இருந்தா எனக்கும் இருக்கலாம். பொம்பளைங்களுக்கு அந்த ஹார்மோன் கம்மி, அதனால பெருசா ஒண்ணும் ஆகாது. எனக்குப் பொறக்கற பையனுக்கு வரலாம்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"கல்யாணம் ஆவற பொண்ணு, டெஸ்ட் எடுத்து எதுக்கு எழுதி வாங்கிக்கணும்னு திட்டுது."

நான் என் சட்டைக் கையை மேலே தூக்கினேன். முழங்கை மடிப்பில் பஞ்சும் பிளாஸ்டரும். மாமா நம்பாமல் ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். பஞ்சில் ரத்தம் ஊறியது. அவர் எழுந்து, சுருட்டியிருந்த கையை இறக்கிவிட்டார்.

அன்று காலையிலேயே, அம்மாவிடம் சொல்லாமல், புதுச்சேரியில் அதே மரபணுப் பரிசோதனைக்கு என் ரத்தத்தைக் கொடுத்துவிட்டுத்தான் அந்த பஸ்ஸில் ஏறியிருந்தேன்.