ஒரு தட்டு நில், இரண்டு தட்டு போ

நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கினதில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடக் கூரை நாங்கள் குடியிருந்த லயத்துக் கூரையைவிட மோசமாக ஒழுகும், அதுதான் காரணம். எனக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் பஸ் போர்டில் இருந்தவை. தெரிந்த பாஷை தகரத்தில் தட்டுவது. மரக்கறி ஏற்றுகிற வான் ஓட்ட வருவதற்கு முன் மாத்தளை - பல்லேகம பாதையில் கொண்டக்டராக இருந்தேன். மணி அறுந்துபோன பஸ். அதனால் கையால் தட்டித்தான் டிரைவருக்குச் சொல்ல வேண்டும். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போ. இது எனக்கு எவ்வளவு ஊறிவிட்டது என்றால், யாராவது கதவை ஒரு தடவை தட்டினால் சாப்பிடுகிற கை அந்தரத்தில் நின்றுவிடும்.

அந்தப் பாதையில் ஓடைக்கு மேலே சின்னப் பாலமாக ஒரு மதகு இருக்கிறது. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் முதலில் இறக்கம், பிறகு மதகு, ரோடு வளைகிற முடக்கு, செங்குத்தான ஏற்றம். எனக்கு முந்தின காலத்தில் ஒரு கொண்டக்டர் அங்கே மிதிபலகையிலிருந்து விழுந்து செத்துப்போனார். அதிலிருந்து மதகு வந்ததும் எல்லா டிரைவர்மாரும் பாட்டை நிறுத்திவிடுவார்கள். கதைத்துக்கொண்டு வருகிறவர்களும் வாயை மூடிக்கொள்வார்கள். முடக்கைத் தாண்டினால்தான் பாட்டு. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அன்றைக்கு மரக்கறியை இறக்கிவிட்டு வெறும் வானோடு திரும்பிக்கொண்டிருந்தேன். மூடுபனி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வந்தது. மதகில் பாட்டை நிறுத்தி, ஏற்றத்துக்கு அக்சிலேட்டரை மிதித்தேன்.

டொக்.

விரல் முட்டியால் தகரத்தில் தட்டினது போல, சீட்டுக்குப் பின்னாலிருந்து. கால் தானாக எழும்பிவிட்டது. உடனே இன்னொரு டொக். இரண்டு தட்டு, போ. மிதித்தேன். டொக். ஒரு தட்டு, நில். காலை எடுத்தேன். டொக். இப்படி நின்றும் போயும் நான் ஏறின லட்சணத்தைப் பார்த்து, ரோட்டோரத்து மாடு ஒன்று மேய்வதை விட்டுவிட்டு நின்றது. மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். பின்சீட்டில், இறக்கின மரக்கறியில் மிஞ்சின ஈரமான கோவா இலை ஒன்று மட்டும் கிடந்தது.

இதை என் மனசோடு வைத்திருக்கலாம்தான். ஆனால் கிளினிக் போய்த் திரும்பும்போது மனைவியும் கேட்டுவிட்டாள். அவளுக்கு நிறைமாதம்.

"மதகுல செத்த அந்தாளு எறங்கக் கேக்குறாருங்க. அவர எறக்கி விடுங்க மொதல்ல. அவரு இருக்கிற வண்டில நானும் ஏற மாட்டேன், எம் புள்ளையும் ஏறாது."

"அப்ப எதுல போவ?"

"லயத்துலயே பெத்துக்கிறேன்."

விளையாட்டில்லை. போன பிள்ளை லயத்தில்தான் பிறந்தது, தங்கவில்லை. ஆஸ்பத்திரி கீழே மாத்தளையில். பஸ் காலையிலும் பொழுது சாய்கிற நேரத்திலும்தான். வலி பஸ் நேரம் கேட்டுக்கொண்டா வரும்?

மறுநாள் மதகில் வண்டியை நிறுத்திப் பக்கக் கதவைத் திறந்தேன். "எறங்குங்கண்ணே, எடம் வந்திருச்சு" என்றேன், பழைய கொண்டக்டர் குரலில். குளிர் உள்ளே வந்தது. யாராவது இறங்கினார்களா, புதிதாக ஏறினார்களா, தெரியவில்லை. கதவைச் சாத்தி மிதித்தேன்.

டொக்.

நேராக மாத்தளைக்கு விட்டேன். எனக்குப் பழக்கமான கராஜ்காரர் ஒருவர் இருக்கிறார், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி நானா என்றுதான் கூப்பிடுவேன்.

"நானா, வண்டில ஆள் இருக்கு."

"ஆள் இருந்தா டிக்கட் குடு. நீ கொண்டக்டர்தானே."

"வெளாடாதீங்க. அந்த மதகுல மட்டுந்தான் தட்டுது."

"மதகுல பாட்டு போடுவியா?"

"அங்க எவன் போடுவான்?"

"மத்த எடத்துல?"

"பாட்டில்லாம வண்டி ஓடுமா நானா?"

அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து பாட்டை நிறுத்தினார். "ஓட்டு."

மார்க்கட் ரோடு, நல்ல வெயில், சமமான தரை. "மிதி" என்றார். டொக். "கால எடு." டொக். "மிதி." டொக்.

"ஒன்ட காலுதான்டா தட்டுது. எல்லா எடத்துலயும் தட்டுது. நீ மதகுல மட்டுந்தான் காத தொறந்து வெச்சிருக்க."

தட்டினதும் நான், கேட்டுப் பயந்ததும் நான், கீழ்ப்படிந்ததும் நான். இப்படி ஒரு விசுவாசமான கொண்டக்டர் எந்த முதலாளிக்கும் கிடைத்திருக்க மாட்டான்.

வானுக்கு அடியில் படுத்தோம். எஞ்சின் பக்கத்துச் சுற்றைப் பின்சில்லுக்குக் கொண்டுபோகிற நீளத் தண்டு, ப்ரொப்பெலர் சாப்ட். அதன் மூட்டில் சிலுவை மாதிரி இருக்கிற இரும்பு, குரோஸ், தேய்ந்து, கிரீஸ் காய்ந்து செம்மண் மாதிரி கொட்டியது. நானா தண்டைப் பிடித்துத் திருப்பினார். எஞ்சின் ஓடவில்லை, என் கால் எதிலும் இல்லை. அவர் கைக்குள்ளே டொக் என்றது. காரணம் தெரிந்த பிறகும் என் கால் தானாக மடங்கியது.

"இன்னும் கொஞ்ச நாள் உட்டிருந்தா தண்டு கழண்டு ரோட்டுல குத்தியிருக்கும். வண்டி பள்ளத்துல."

அப்படியானால் 'நில்' என்று தட்டினது சரிதானே என்று கேட்க வாய் வந்தது.

புது குரோஸ் போட்டோம். சத்தம் செத்தது. மனைவி பாதிதான் நம்பினாள். மீதிப் பாதியை வலி நம்ப வைத்தது. ஒரு மத்தியானம், மழையும் பனியுமாக, பின்சீட்டில் ஏறினாள்.

மதகு வந்தது. பாட்டை நிறுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. தட்டு வருகிற இடத்தில் தட்டு வராதது, தட்டினதைவிடப் பயமாக இருந்தது. என் கால் அதற்காகக் காத்திருந்தது. வான் மதகின் நடுவில் நின்றேவிட்டது. மிதிக்க வேண்டும் என்று தெரியும், மிதிக்க முடியவில்லை. பின்னால் அவள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தாள்.

டொக். டொக்.

போ. மிதித்தேன். மாத்தளை வரும்வரை கால் எழும்பவே இல்லை.

பெண் பிள்ளை. நல்ல குரல், பஸ் ஸ்டாண்டில் ஊர் பேர் கூவலாம்.

"நல்லவேள நீ ரெண்டு தட்டு தட்டின. இல்லாட்டி அங்கயே நின்னிருப்பேன்" என்றேன் வார்டில்.

"ரெண்டா? கத்த வாய் வரல, கோவத்துல கதவுல ஒரே ஒரு குத்துதான் குத்துனேன். மத்தது நீங்க தட்டுனதுதானே?"

என் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

திரும்பவும் நானாவிடம் போய்ச் சொன்னேன். இந்தத் தடவை அவர் டிக்கட் கதை பேசவில்லை. அடியில் படுத்துத் தண்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஒரு ஆட்டமும் இல்லை. எழும்பிக் கையைத் துடைத்துக்கொண்டு, "மதகுல பாட்ட நிப்பாட்டுறத மட்டும் உட்டுறாத" என்றார்.